விட்ட இடத்திலிருந்து

ஆரணி
6.9.2025, சனிக்கிழமை

சம்பந்தியம்மா ஆரோக்கியசெல்வி அவர்களுக்கு,

பொன்னியம்மாள் எழுதுவது. சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனசு இன்றைக்கு எனக்கு இல்லை. அதனால் கேட்கவில்லை.

நாலு நாளாக நீங்கள் ஃபோன் செய்கிறீர்கள். நான் எடுக்க மாட்டேன். ஃபோனில் பேசினால் நீங்கள் டீச்சர், நான் பிள்ளை என்று ஆகிவிடுகிறது. வண்டி வாரம் ஒரு வீடு மாறுகிறது அல்லவா, அதில் என் கடிதமும் வரும். பதில் எழுத இஷ்டம் இருந்தால் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு டிரைவர் சடையப்பனிடம் அனுப்புங்கள்.

வேலூர் கடையில் நடந்ததை நான் மறக்கவில்லை. காரில் மாட்டுகிற பாட்டுப் பெட்டி பார்க்க இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். நான் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டேன். அதற்குள் நீங்கள் அந்தக் கடைக்காரனிடம், "அவங்க அஞ்சாவதுதான் படிச்சவங்க, அவங்களுக்கு இதெல்லாம் புரியாது, எனக்குக் காட்டுங்க" என்றீர்கள். அவன் உடனே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்து பஸ் பிடித்து ஆரணி வந்து சேர்ந்தேன். கால் வைக்க இடமில்லாத பஸ். அந்த நெரிசலிலும் எனக்கு மூச்சு நன்றாக வந்தது.

நான் கேட்க வந்த கேள்வியை இப்போது எழுதுகிறேன். சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பினால், அந்தப் பெட்டி விட்ட இடத்திலிருந்து பாடுமா? இவ்வளவுதான். இதில் எதுவும் அஞ்சாவதுக்கு மேல் இல்லை.

ஏன் கேட்டேன் என்றும் சொல்கிறேன். என் தம்பி துரைக்கண்ணு முப்பது வருஷமாகத் தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவன். அவன் வேஷம் விடியற்காலம்தான் மேடைக்கு வரும். விடிந்தால் எனக்குத் தறி, அதனால் ஒவ்வொரு வருஷமும் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். மறுநாள் "அக்கா, என் வேஷம் பாத்தியா?" என்பான். "பாத்தேன்டா, பிரமாதம்" என்பேன். முப்பது வருஷமாக இதே பொய். இந்த வருஷம் தேவிகாபுரத்தில் ஆடினதை அவன் மகன் முழுசாகப் பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். ஏழு மணி நாற்பது நிமிஷம், ஒரே பாட்டாக. வீட்டில் மூன்று தறி ஓடுகிற சத்தத்தில் என்ன கேட்கும்? வண்டியில்தான் கேட்க முடியும். ஆனால் பழைய பெட்டியில் ரேடியோவைத் தவிர எல்லாம் செத்துப்போனதிலிருந்து சடையப்பன் சார்ஜர் ஓட்டையில் செருகி வைத்திருக்கிற கட்டைவிரல் சைஸ் பெட்டி, ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பும்போதும் கூத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இதுவரை பதினெட்டுத் தடவை கோமாளிக் கட்டியங்காரன் வந்து கும்பிடு போட்டுவிட்டான். என் தம்பி இன்னும் வரவில்லை.

பெட்டிக்கு ஒரு திருகு வேண்டும், கண்ணால் பார்க்காமல் கையால் பிடித்துத் திருப்புகிற மாதிரி. விட்ட இடம் ஞாபகம் இருக்க வேண்டும். வேறு எந்த ஜோடனையும் எனக்கு வேண்டாம்.

ஜெர்மனி போகும்போது என் மகன் சுதாகரும் உங்கள் மகள் ஸ்டெஃபியும் வண்டியை நமக்குப் பொதுவாக விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது "ரெண்டு அம்மாவும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குங்க, அதுக்குக்கூட ஒத்து வரலைன்னா வண்டியை வித்துடறோம்" என்கிறார்கள். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். என் மகன் சொன்னால் செய்வான். வண்டி போனால் நான் மறுபடியும் சேலை மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸில் நிற்க வேண்டும். நின்றாலும் நிற்பேன். உங்களிடம் மட்டும் தலை குனிய மாட்டேன்.

இப்படிக்கு,
பொன்னியம்மாள்


களம்பூர்
13.9.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியையாகவும் அதில் ஒன்பது ஆண்டுகள் தலைமை ஆசிரியையாகவும் இருந்தவள் நான். கோபமாக எழுதப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. எனவே கோபத்தை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கடையில் நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தாங்களே "நான் அஞ்சாவதுதான்" என்று ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள். அதையே நான் சொன்னால் குற்றமாகிவிடுகிறது. அந்தக் கடைக்காரர் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பேசினார். தாங்கள் இரண்டு முறை என் முழங்கையை இடித்து "இன்னா சொல்றான்?" என்று கேட்டீர்கள். நேரத்தை மிச்சப்படுத்தவே அப்படிச் சொன்னேன்.

சேர்ந்து வாங்க வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். தாங்கள் எழுந்து போனபின் சேர்வதற்கு அங்கே யாரும் இல்லை. ஆகவே இந்த வாரம் நானே ஒரு முடிவெடுத்து, ஒன்பது அங்குலத் தொடுதிரை வைத்த கருவியை வாங்கி வண்டியில் பொருத்திவிட்டேன். கைப்பேசியோடு தானாகவே இணைகிறது. வழி காட்டுகிறது. பின்னால் வண்டியை எடுக்கும்போது பின்பக்கம் முழுவதும் திரையில் தெரிகிறது. இது ஆடம்பரம் அல்ல. நெல் ஏற்றிய லாரிகள் நிற்கும் எங்கள் தெருவில் சடையப்பன் ரிவர்ஸ் எடுப்பதைத் தாங்கள் ஒருநாள் வந்து பார்த்தால் செபமாலையைக் கையில் எடுத்துவிடுவீர்கள்.

கூத்து ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. எங்கள் பாடல்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. ஏழு மணி நேரம் ஓடுகிற ஒன்றைக் காரில் கேட்க வேண்டும் என்பது கருவியின் குறையா, கேட்பவரின் பிடிவாதமா என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

வண்டி எனக்கும் அவசியம்தான். மூட்டு வலி வந்த பிறகு பேருந்துப் படியில் என்னால் கால் வைக்க முடிவதில்லை. அதை யாரிடமும் சொல்லி இரக்கம் கேட்பது என் வழக்கமல்ல. தகவலுக்காக மட்டும் எழுதினேன்.

இவண்,
மே. ஆரோக்கியசெல்வி
தலைமை ஆசிரியை (ஓய்வு)


ஆரணி
20.9.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் பெட்டிக்கு முதலில் மரியாதை கொடுத்தேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வந்த பொருளை உடனே குறை சொல்லக் கூடாது என்று திங்கட்கிழமை வேலூர் கிளம்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்து நானே விரலை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு விரல் வைத்தேன். அழுத்தி வைத்தேன். பத்து விரலையும் வைத்தேன். அது என்னவோ எதிரில் ஆளே இல்லாத மாதிரி சும்மா இருந்தது.

சடையப்பன் சிரித்தான். "மெதுவா தொடணும் ஆயா. இப்படி." அவன் தொட்டதும் ஓடிப்போய்ப் பாடியது. "எச்சி தொட்டு வெச்சிப் பாரு ஆயா" என்றான். அதையும் செய்தேன். எச்சில் பட்டது, வேலை நடக்கவில்லை.

ஐம்பது வருஷம் பட்டு நூலை இழுத்துப் பிடித்த விரல் இது. ரேகை எல்லாம் தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினே என்னை எடுக்காது. ஆனாலும் அங்கே கண்ணைக் காட்டினால் சர்க்கரை போடுகிறான். உங்கள் ஒன்பது அங்குலம் அதற்கும் மசியவில்லை. சரி, கூத்தின் பேராவது தெரிகிறதா என்று பார்த்தேன். என் தம்பி மகன் தமிழில் எழுதி வைத்த பேர், வரிசையாகக் கட்டம் கட்டமாக வருகிறது. பன்னிரண்டு கட்டம். நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள். அந்தப் பெட்டிக்குத்தான் தமிழ் தெரியவில்லை. உங்கள் கணக்கில் எங்கள் இரண்டு பேரில் யார் படிக்காதவர் என்று சொல்லுங்கள்.

பிறகு கேளுங்கள். போகும்போதும் வரும்போதும் கட்டியங்காரன் வந்து முதலிலிருந்து கும்பிடு போட்டான்.

புதன்கிழமை நானே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீரபாகு கடைக்குப் போனேன். "இன்னா மாடல் வேணும்மா?" என்றான். "மாடல் எனக்கு வேணாம். கரண்ட்டை நிறுத்திட்டுப் போட்டா விட்ட இடத்துலேர்ந்து பாடணும். அந்த மாதிரி எத்தினி இருக்குதோ எல்லாத்தையும் மேசை மேல எடுத்து வை" என்றேன். "எல்லாமே பாடும்மா." "உன் வாய் பாடறது இருக்கட்டும். பேட்டரி எடுத்துகினு வா."

ஒரு கார் பேட்டரியை மேசை மேல் வைக்க வைத்து, ஒவ்வொரு பெட்டியையும் மாட்டி, என் பென் டிரைவைச் செருகி, ஒயரைப் பிடுங்கி, போட்டு, பிடுங்கி, போட்டுப் பார்த்தேன். முதல் பெட்டி முதலிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாவதை அவன் ரொம்பப் புகழ்ந்தான். "இது எந்தப் பாட்டுன்னு ஞாபகம் வெச்சிக்கும்மா" என்றான். ஞாபகம் வைத்தது, ஆனால் அந்தப் பாட்டின் தலையிலிருந்து. என்னிடம் இருப்பதே ஒரு பாட்டுதானே! மூன்றாவது ஐந்து நிமிஷம் ஞாபகம் வைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்து போட்டால் மறந்துவிட்டது. கடைக்கு வந்த மற்ற ஆட்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். வீரபாகு, "பேஜார் பண்றியேம்மா, ஜல்தியா ஒண்ணு எடுத்துக்கோயேன்" என்றான். "ஏழு மணி நேரம் கேக்கப் போறவளுக்கு ஒரு மணி நேரம் காட்ட மாட்டியா நீ?" என்றேன்.

நாலாவது பெட்டி விலையில் சின்னது, பார்வைக்கும் சின்னது. நடுவில் அரை எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு திருகு. ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி மாட்டச் சொன்னேன். கட்டியங்காரன் எந்தச் சொல்லில் நின்றானோ அதற்கு அடுத்த சொல்லைச் சொன்னான். எத்தனை மணி எத்தனை நிமிஷம் ஓடியது என்று எண்ணில் காட்டுகிறது. எண் எனக்குத் தெரியும்.

அதையே மாட்டிவிட்டேன். உங்கள் பெட்டியை ஒரு கீறல் விழாமல் கழற்றி, பழைய பட்டுச் சேலையில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். என் பெட்டியில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்றில் என் பென் டிரைவ். இன்னொன்றை உங்கள் கோயில் பாட்டுக்குக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் என்னைக் கேட்காமல் மாட்டினீர்கள். நான் உங்களைக் கேட்காமல் கழற்றினேன்.

பொன்னியம்மாள்


களம்பூர்
27.9.2025

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது முறையும் பதமான சொற்கள் கிடைக்காததால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் எங்கள் பங்குத்தந்தை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் முப்பது பேராவது இருப்பார்கள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, அவருக்கு வணக்கம் சொல்லும் நேரத்தில் சடையப்பன் சாவியைத் திருப்பினான். தாங்கள் தேர்ந்தெடுத்த கருவி விட்ட இடத்திலிருந்து, விட்ட சத்தத்திலேயே தொடங்கியது. அந்தக் கட்டியங்காரன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எங்க சம்பந்தியம்மா வந்தாங்க! ஒரு வேளை சோத்துக்கு வந்தாங்க, ஒரு மாசம் குந்திகினு இருந்தாங்க! போகச்சொல்ல சும்மா போனாங்களா? ஆட்டுக்கல்லை மடியில கட்டிகினு போனாங்க!"

பிறகு மிருதங்கம். பிறகு நூறு பேர் சிரிக்கிற சத்தம். நமக்குள் பேச்சு இல்லை என்பது களம்பூரில் எல்லோருக்கும் தெரியும். பங்குத்தந்தை சிரித்தார். சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "இன்னொரு தடவை போடச் சொல்லுங்க டீச்சர்" என்று அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் காதில் ஒலிக்கிறது. சடையப்பன் பதற்றத்தில் திருகை எந்தப் பக்கம் திருப்பினானோ, சத்தம் இன்னும் ஏறியது.

அது போகட்டும். கேமரா இல்லாமல் செவ்வாய்க்கிழமை அவன் பின்னால் எடுத்ததில் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் ஒரு பக்கம் இல்லை.

தெருக்கூத்தைப் பற்றி என் கருத்து தங்களுக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் பங்குனி, சித்திரையில், பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதும் நாட்களில், இரவெல்லாம் ஒலிபெருக்கியில் அது அலறும். அதை நிறுத்தச் சொல்லி ஆண்டுதோறும் காவல் நிலையத்தில் மனு கொடுத்தவள் நான். என் காரிலேயே அது அலற வேண்டும் என்பது தங்கள் விருப்பமானால், அந்தக் காரே வேண்டாம். நாம் ஒத்துவரவில்லை, வண்டியை விற்றுவிடுங்கள் என்று ஸ்டெஃபிக்கு எழுதிவிட்டேன்.

மே. ஆரோக்கியசெல்வி


ஆரணி
4.10.2025

சம்பந்தியம்மாவுக்கு,

விற்கச் சொல்லி எழுதினீர்கள். சுதாகர் எனக்கும் ஃபோனில் சொன்னான். "போளூர்ல ஒரு பார்ட்டி இருக்குதும்மா, பதினஞ்சாம் தேதி பாக்க வருவாரு" என்றான். பஸ் படியில் கால் வைக்க முடியாதவர், இருக்கிற ஒரு வண்டியையும் விற்கச் சொன்ன வீம்பை நான் மெச்சுகிறேன். எனக்கும் அதே வீம்பு உண்டு. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. ஒரு கணக்கு கேட்க எழுதுகிறேன்.

இருபதாம் தேதி சனிக்கிழமை நான் வண்டியை அனுப்பும்போது கூத்து 2 மணி 15 நிமிஷத்தில் நின்றது. அடுப்பங்கரை காலண்டரில் அந்தத் தேதித் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தேழாம் தேதி வண்டி திரும்பி வந்தபோது 4 மணி 50 நிமிஷம் காட்டியது. இடையில் ஓடினது இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம்.

ஆரணியிலிருந்து களம்பூர் அரை மணி. திரும்பி வர அரை மணி. அந்த ஒரு மணி நேரம் சடையப்பன் கேட்டிருக்கலாம், விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து கோயில் போய் வர ஒரு பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் யார் கேட்டது?

சடையப்பனைத்தான் முதலில் பிடித்தேன். "எம்மேல ஏன் ஆயா பாயற?" என்றான்.

"பின்ன உங்க டீச்சரம்மா மேலயா பாயறது?"

வண்டியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் போனான். நானும் அந்தப் பக்கம் போனேன்.

"வியாழக்கிழமை முட்டி டாக்டரைப் பாக்க வேலூர் போனோம்," என்றான். "வண்டி எடுத்ததும் கூத்து வந்துச்சு. நிறுத்தலாம்னு கையை வெச்சேன். டீச்சரம்மா 'இருக்கட்டும்'னாங்க."

"எது வரைக்கும் இருக்கட்டும்?"

"வேலூர் வரைக்கும். ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினப்புறம்கூட ரெண்டு நிமிஷம் எறங்கல ஆயா. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

சொல்லிவிட்டேன். அவனைத் திட்டாதீர்கள். வேலூருக்குப் போகிற வழி என் தெரு முனை. ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் முன்னால் மானம் போயிற்று என்று எழுதினவர், வியாழக்கிழமை அதே கூத்தைக் கேட்டுக்கொண்டு என் தெரு முனையைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். சனிக்கிழமை உட்கார்ந்து வண்டியை விற்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கின பெட்டியாக இருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அது எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். என் பெட்டி பொய் சொல்லாது.

திருகைப் பின்னால் திருப்பி 2 மணி 15-க்குக் கொண்டுவர எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இந்த வாரம் நீங்கள் கேட்டதையெல்லாம் நானும் கேட்டு முடித்தேன். இப்போது சரியாக 4 மணி 50-ல் பெட்டியை அணைத்து வைத்திருக்கிறேன், நீங்கள் விட்ட அதே இடத்தில். இனிமேல்தான் என் தம்பி வரப்போகிறான். வழியில் கையை வைக்கக் கூடாது என்று சடையப்பனுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன். உங்களுக்கு உத்தரவு போட நான் யார்? ஒரு நிமிஷம் நகர்ந்தாலும் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பொன்னியம்மாள்


களம்பூர்
11.10.2025

சம்பந்தி அம்மா,

4 மணி 50 நிமிடம். பார்த்துக்கொள்ளுங்கள். நகரவில்லை.

திங்கட்கிழமை இங்கே ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காக நாற்பது நிமிடம் நின்றோம். சடையப்பன் என்னைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன். அவன் கை திருகு வரை போயிற்று. "தொடாதே" என்றேன். அந்த நாற்பது நிமிடமும் ஒரு நெல் மூட்டை லாரியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆம், நான் கேட்டேன். வேலூர் வரை கேட்டேன். மறைத்தது தவறு. கேட்டது தவறல்ல, எனவே அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் அதற்கு எதிராக மனு எழுதினேன். ஒவ்வொரு மனுவிலும் எவ்வளவு சத்தம் என்று எழுதினேன். என்ன சொல்கிறார்கள் என்று ஒரு முறைகூடக் காது கொடுத்ததில்லை. சூதில் பணயம் வைக்கப்பட்ட பெண்ணாக வரும் அந்த வேஷக்காரர் சபையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் இடத்தில் நாங்கள் கண்ணமங்கலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். அத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலூர் கடை ஞாபகம் வந்தது. தாங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான்தான் அதைக் கேட்கவிடாமல் செய்தேன். இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

விற்க வேண்டாம் என்று ஸ்டெஃபியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வாரத்துக்கு ஒரு பேச்சு பேசாதீங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே ஃபோன்ல சொல்லுங்க, அப்ப நம்பறோம்" என்கிறாள். போளூர்க்காரர் பதினைந்தாம் தேதி வருகிறார். வண்டி அப்போது தங்கள் வாசலில் இருக்கும். நாம் இருவரும் ஒரே ஃபோனில் பேசுவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. தங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

தங்கள் தம்பி எப்போது மேடைக்கு வருகிறார்?

ஆரோக்கியசெல்வி


ஆரணி
18.10.2025

சம்பந்தியம்மாவுக்கு,

போளூர்க்காரர் வந்தார். பேர் முத்துவேல். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு ஃபோன். டயரை உதைத்தார், கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தார், என்ஜினைத் திறந்து மூடினார். நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும், நீங்க எறங்குங்கம்மா" என்றார்.

"நான் உக்காந்துகினு இருந்தா வண்டி ஓடாதா?" என்றேன்.

ஓட்டினார். பெரிய தெரு முனையில் நிறுத்திவிட்டுத் திருகு பக்கம் கையைக் கொண்டு போனார். முன்னால் சாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"இன்னாம்மா இது? பெட்டி வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா?"

"வேலை செய்யுது. அதனாலதான் தொடாதன்றேன்."

"பெட்டியும் சேர்த்துத்தான வண்டி?"

"ஆமா. பெட்டியும் சேர்த்துத்தான். அதுல ரெண்டு மணி அம்பது நிமிஷம் பாக்கி இருக்குது. அத்த நாங்க ரெண்டு பேரும் கேட்டு முடிக்கிற வரைக்கும் இந்த வண்டிக்கு ஆள் பாக்காத."

"யாரு ரெண்டு பேரு?"

"நானும் எங்க சம்பந்தியம்மாவும்."

மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை என் வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனார். சுதாகருக்கு என்ன சொன்னாரோ, உடனே அவன் ஃபோன் வந்தது. "பார்ட்டியை அடிச்சியாமே?" என்றான். "கையைத்தான்" என்றேன். "ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டீங்களா?" என்றான். இல்லை என்றேன். ஒத்துப்போகவில்லை, போகவும் மாட்டோம், ஆனால் எந்தப் பெட்டி என்பதில் இனி பேச்சில்லை என்று சொன்னேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து பேசுங்க, இல்லைன்னா அடுத்த ஆளை அனுப்பறேன்" என்றான். பெற்றவளுக்கே கெடு வைக்கிறான்.

பின்பக்கம் காட்டுகிற கேமராவை வீரபாகு நடுக் கண்ணாடியிலேயே தெரிகிற மாதிரி மாட்டிக் கொடுத்தான். உங்களுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். சடையப்பன் என் வாசல் படியையும் இடித்துவிட்டான். உங்கள் ஒன்பது அங்குலத்தை நீங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், யாருக்காவது கொடுக்கலாம், உங்கள் இஷ்டம். சேலையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையைப் பற்றி நீங்கள் எழுதின அந்த ஒரு வரியை நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கவில்லை. போதும்.

நான் இந்த ஏழு நாளும் 4 மணி 50-ஐ நகர்த்தவில்லை. வேலூர் போகவும் வரவும் ஊமை மாதிரி உட்கார்ந்து போனேன். தம்பி எப்போது வருவான் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அதுதானே என் பிரச்சினையே!

உங்கள் வீட்டிலிருந்து திருவண்ணாமலை போய்வர மூன்று மணி நேரம் ஆகும். கூத்தில் பாக்கி இரண்டு மணி ஐம்பது நிமிஷம். பத்து நிமிஷம் டீக்கு. நடுவில் பேச்சு வேண்டாம், கூத்து கேட்கும்போது பேசினால் எனக்குப் பிடிக்காது, நீங்களாக இருந்தாலும் "ஷ்" என்று சொல்லிவிடுவேன். முடிந்ததும் முதலில் துரைக்கண்ணுவுக்கு ஃபோன் போட வேண்டும், அவன் வேஷத்தைப் பற்றி நான் உண்மை சொல்லப் போகிற நாள் இது. நன்றாக இல்லை என்றாலும் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு ஃபோன். ஒரே ஃபோன், இரண்டு வாய். நீங்கள் என்ன சொல்வீர்களோ அதை உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் என் வாயால் சொல்கிறேன்.

சடையப்பன் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கும்போது நான் உங்கள் வாசலில் வண்டிக்குள்தான் இருப்பேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட வேண்டாம், இறங்க மாட்டேன். காபியும் வேண்டாம். இடது பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். ஏறினால் சாத்திக்கொள்ளுங்கள். ஏறாவிட்டாலும் சாத்திவிட்டுப் போங்கள், ஏசி வீணாகிறது.

பொன்னியம்மாள்